வாடிக்கையாளருக்கு ஏபிஐ திறந்துவிடும் முன்: பெங்களூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கலாசிபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் நாமக்கல்காரர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகப் படியேறி வந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "தம்பி, லாரி எங்கே நிற்கிறது என்று உங்கள் திரையில் தெரிகிறது அல்லவா? அது என் கம்ப்யூட்டரிலேயே தெரிந்துவிட்டால் மணிக்கு ஒரு தரம் போன் போட்டு உங்கள் உயிரை எடுக்க மாட்டேன்."

சரக்கு லாரிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு வீட்டின் முதல் மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து நடத்துகிறோம். அவர் கேட்டதை ஒரே வாரத்தில் செய்து கொடுத்தோம். ஓர் இணைய முகவரி, கடவுச்சொல் போன்ற ஒரு ரகசியச் சாவி. எல்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு லோடுக்கும் போடும் லாரி ரசீதின் எண்ணை, அனுப்பினால் லாரி இருக்கும் இடமும் சரக்கின் நிலையும் பதிலாகத் திரும்பி வரும். ஏபிஐ என்று பெரிதாகப் பேசப்படுவது இவ்வளவுதான். வேறொருவரின் மென்பொருள் நம் மென்பொருளிடம் கேள்வி கேட்க நாம் வைத்துக் கொடுக்கும் ஒரு ஜன்னல்.

அந்த ஒரு வாரம்தான் இந்தக் கதையிலேயே எளிதான பகுதி. அல்சூர் ஏரிப் பக்கம் காப்பி குடிக்கும்போது எதிரே உட்காரும் தமிழ் நண்பர்கள், "நாங்களும் ஏபிஐ கொடுக்கலாம் என்றிருக்கிறோம், எழுத எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்கிறார்கள். எழுத ஆகும் நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏபிஐயைத் திறப்பது ஊரறிய வாக்குக் கொடுப்பதைப் போன்றது. அதைக் காப்பாற்ற ஆண்டுதோறும் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, எவ்வளவு குறைவாக வாக்குக் கொடுத்தால் காரியம் நடக்குமோ அவ்வளவு குறைவாகக் கொடுக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்குத்தான்.

முதல் படி: கேட்பது யார், எத்தனை பேர்?

"ஏபிஐ இருக்கிறதா?" என்று விற்பனைப் பேச்சில் கேட்பவர்களில் பாதிப் பேர் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. அவர்களுடைய கொள்முதல் பிரிவின் கேள்வித்தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறது, அதனால் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதத் தொடங்காதீர்கள். பெயர் சொல்லக்கூடிய மூன்று வாடிக்கையாளர்கள் தேறும் வரை, அவர்களுக்கு வேண்டிய தகவலை ஒரு கோப்பாக்கித் தினம் இரண்டு முறை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து யார் அந்தக் கோப்பைத் திறக்கிறார்கள், ஒரு நாள் தவறினால் யார் போன் செய்கிறார்கள் என்று பாருங்கள். போன் செய்பவர்தான் உண்மையான ஏபிஐ வாடிக்கையாளர்.

எங்களுக்குக் கேட்டவர்கள் பதினொரு பேர். கோப்பு வராத அன்று கூப்பிட்டவர்கள் நான்கு பேர்.

இரண்டாம் படி: ஜன்னலைச் சிறியதாக வையுங்கள்

உள்ளே இருக்கும் தரவுத்தளத்தை அப்படியே வெளியே காட்டிவிடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நாங்களும் செய்தோம். நாமக்கல்காரர் கேட்டது இரண்டே தகவல். கொடுத்ததோ முப்பத்தெட்டுப் புலங்கள், அதாவது முப்பத்தெட்டுத் தனித்தனித் தகவல்கள். "இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?" என்றார் என் கூட்டாளி.

நஷ்டம் ஒரு வியாழக்கிழமை மாலை வந்தது. சரக்கு சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்ல நாங்கள் அனுப்பிய ஆங்கிலச் சொல்லில் தொடக்கத்திலிருந்தே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அவசரத்தில் நான் அடித்தது, யாரும் கவனிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த நிரலாளர் கவனித்தார், நல்ல பிள்ளையாகத் திருத்தினார், வீட்டுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாமக்கல்காரரின் போன். "லோடு இறங்கி இரண்டு நாள் ஆகிறது தம்பி, பீன்யா பாக்டரியிலிருந்து பாக்கி வாடகை வரவில்லை. அத்திப்பள்ளியில் மூன்று டிரைவர்கள் டீசல் போடக் காசில்லாமல் நிற்கிறார்கள்."

அந்தத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு மென்பொருள் எங்கள் ஏபிஐயிலிருந்து அந்தச் சொல் வந்தால்தான் பாக்கி வாடகையை விடுவிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் எங்கள் பிழையைப் பார்த்திருக்கிறார், பிழையோடேயே ஒப்பிட்டுக் கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் அனுப்பியதை நம்பினார்.

கூகுளில் பணியாற்றிய பொறியாளர் ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. பயன்படுத்துவோர் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் சார்ந்திருப்பார் என்பது அதன் சாரம். எங்களுக்கு அதைப் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அன்று காலை எட்டு மணிக்குப் பிழையைத் திரும்பப் போட்டோம். முதல் பதிப்பில் அது கடைசி வரை இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது: வாடிக்கையாளர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று கேளுங்கள், அந்த முடிவுக்கு வேண்டிய புலங்களை மட்டும் கொடுங்கள். பிறகு சேர்ப்பது சுலபம், எடுப்பது முடியாத காரியம். புலங்களுக்குப் பெயர் வைக்கும்போது இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உள்ளே உங்கள் தரவுத்தளம் மாறினாலும் வெளியே அந்த வடிவம் மாறாதபடி நடுவில் ஓர் அடுக்கு வையுங்கள். முகவரியிலேயே பதிப்பு எண்ணைப் போட்டுவிடுங்கள், முதல் நாளிலேயே. இணையவழிப் பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் தன் ஏபிஐ பதிப்புகளுக்குத் தேதியைப் பெயராக வைக்கிறது; வாடிக்கையாளர் எந்தத் தேதியில் வந்து சேர்ந்தாரோ அந்தத் தேதியின் நடத்தை, அவராக மாற்றிக்கொள்ளும் வரை அவருக்குத் தொடர்கிறது. அழகான ஏற்பாடு. ஆனால் பழைய தேதிகளை எல்லாம் சுமக்க ஆள்பலம் வேண்டும். ஏழு பேர் நடத்தும் கடைக்கு ஒரு நேரத்தில் இரண்டு பதிப்புகளே அதிகம்.

மூன்றாம் படி: எதை அலகாக வைத்து விலை சொல்வது?

இந்த இடத்தில்தான் அதிகம் பணத்தை இழந்தோம். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் அழைப்புக்கு, அதாவது ஜன்னலில் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், இத்தனை பைசா என்று வைத்தோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் லாரி ஆபீஸ்காரருக்கு "அழைப்பு" என்றால் என்னவென்று தெரியாது. மாதக் கடைசியில் பில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாத பொருளை அவர் வாங்க மாட்டார். சிலர் செலவுக்குப் பயந்து ஒரு நாளைக்கு இரண்டே முறை கேட்கும்படி வைத்துக்கொண்டு, "உங்கள் தகவல் எப்போதும் பழசாக இருக்கிறது" என்று எங்களிடமே சண்டைக்கு வந்தார்கள்.

சரி என்று மாதச் சந்தாவுக்கு மாறினோம். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். விருந்துக்கு வந்தவர்கள் விடிய விடியச் சாப்பிட்டார்கள். கணக்கைப் பாருங்கள். ஓர் ஆபீசுக்கு 40 லாரிகள். அவர்களுடைய நிரலாளர் பத்து நொடிக்கு ஒரு முறை ஒவ்வொரு லாரியையும் விசாரிக்கும்படி எழுதிவிட்டார். ஒரு நாளில் 86,400 நொடிகள், லாரிக்கு 8,640 அழைப்புகள், மொத்தம் 3,45,600. லாரியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியோ இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைதான் இடத்தை அனுப்புகிறது. அதாவது நாளொன்றுக்கு 28,800 புதிய தகவல்கள்தான் உண்டு. பன்னிரண்டு அழைப்புகளில் பதினொன்றுக்கு நாங்கள் சொன்னது முந்தைய பதிலையேதான். அந்தப் பதினொன்றுக்கும் சர்வர் வாடகை எங்கள் பையிலிருந்து.

மூன்றாவதாக வந்து சேர்ந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறோம்: எல்.ஆர். ஒன்றுக்கு இவ்வளவு. ஒரு லோடு ஏற்றி இறங்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும், ஆனால் ஒரு வரம்புக்குள், கேட்டுக்கொள்ளலாம். லோடு என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. அவருக்கு வருமானம் வரும் அலகும் அதுதான். அவர் தொழில் வளர்ந்தால் எங்கள் வரும்படியும் வளர்கிறது. விலைக்கான அலகைத் தேடும்போது வாடிக்கையாளரின் பேரேட்டில் ஏற்கெனவே இருக்கும் சொல் எதுவென்று பாருங்கள். மருத்துவ ஆய்வகத்துக்கு அது ரிப்போர்ட், திருமண மண்டபத்துக்கு அது முன்பதிவு.

விலையைப் போடும்போது நீங்கள் வெளியிலிருந்து வாங்கும் ஏபிஐகளின் விலையையும் மறக்காதீர்கள். வரைபடம் ஒரு நல்ல பாடம். கூகுள் மேப்ஸ் முன்பு நாளொன்றுக்கு 25,000 வரைபடங்கள் வரை இலவசமாகத் தந்தது. 2018-இல் விலைமுறையை மாற்றியபோது மாதம் 200 டாலர் மதிப்பிலான இலவசச் சலுகையாக அது சுருங்கியது. அதற்கு மாதத்துக்கே சுமார் 28,000 வரைபடங்கள்தான் கிடைத்தன. அதன் மேல் தொழிலைக் கட்டியிருந்தவர்கள் ஒரே இரவில் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் ஓலா தன் சொந்த வரைபடத்துக்கு மாறிக்கொண்டு மற்றவர்களுக்கும் அதைத் திறந்துவிட, அதே மாதம் கூகுள் இந்திய வாடிக்கையாளர்களுக்கு 70 சதவீதம் வரை விலைக் குறைப்பை அறிவித்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் முடிவு நம் கையில் இல்லை. எனவே உங்கள் ஒப்பந்தத்தில், மேலிருந்து வரும் விலை மாறினால் 60 நாள் அறிவிப்போடு உங்கள் விலையும் மாறும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

இலவசத் திட்டம் வைக்கலாமா? வைக்கலாம், சோதித்துப் பார்க்க மட்டும். பொய்த் தரவு கொண்ட சோதனைக் களம் ஒன்றை இலவசமாகத் திறந்துவிடுங்கள். உண்மைத் தரவை இலவசமாகத் தொட விட்டால், அந்த இலவசத்தின் மேலேயே ஒருவர் தொழிலைக் கட்டிவிடுவார். பிறகு அதை நிறுத்தும்போது நீங்கள் வில்லன்.

நான்காம் படி: பணத்தை எப்படி வசூலிப்பது?

அமெரிக்க வழிகாட்டிகளைப் படித்தால் அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு மாதக் கடைசியில் பயன்பாட்டுக்கு ஏற்பப் பிடித்துக்கொள்ளலாம் என்றிருக்கும். இங்கே அப்படி நடக்காது. தானாகப் பிடித்தம் செய்யும் அட்டைக் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் கறாராக அமலில் இருக்கின்றன. 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும். ஓடிபி இல்லாமல் பிடிக்கக்கூடிய உச்சவரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ஆனது. மாதா மாதம் மாறும் பயன்பாட்டு பில் இந்த வரம்பைத் தாண்டினால் வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் ஓடிபி போட வேண்டும். போட மறப்பார். நீங்கள் சேவையை நிறுத்துவீர்கள். லாரி எங்கே என்று தெரியாமல் அவர் தவிப்பார்.

எனவே முன்பணம். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வது போல ஒரு தொகையை முன்கூட்டியே போட்டுவிட்டு, எல்.ஆர். ஆக ஆகக் கழித்துக்கொள்வது. கலாசிபாளையத்தில் இது யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வாடகையில் கழிப்பது அவர்கள் தொழிலின் வழக்கம். இருப்பு 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரு குறுஞ்செய்தி, தீர்ந்தாலும் மூன்று நாள் தவணை. உடனே நிறுத்திவிடாதீர்கள், அந்த மூன்று நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் வரும்.

பெரிய நிறுவனங்கள் முன்பணம் தர மாட்டா. கொள்முதல் ஆணை, பில், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அவர்கள் பிடித்துக்கொண்டு கொடுக்கும் டிடிஎஸ் என்று போகும். ஜிஎஸ்டியை நீங்கள் பணம் வருவதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும், பணம் 60 நாள் கழித்து வரும். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் 45 நாளுக்குள் பணம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. பதிவுச் சான்றிதழ் எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள். கேட்காமலேயே கொஞ்சம் வேலை செய்யும்.

ஐந்தாம் படி: வரம்பு கட்டுங்கள்

வரம்பு வைத்தால் வாடிக்கையாளர் கோபிப்பார் என்று பயப்படுகிறவர்கள் யுபிஐயைப் பார்க்கட்டும். 2025 ஏப்ரலில் யுபிஐ தடுமாறியபோது, பரிவர்த்தனை நிலையை விசாரிக்கும் அழைப்புகளைச் சில வங்கிகள் வெள்ளமாக அனுப்பியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. "போய்விட்டதா, போய்விட்டதா" என்று ஓயாமல் கேட்டதுதான் அது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ வரம்புகளைக் கொண்டுவந்தது: ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைதான் கணக்கு இருப்பைப் பார்க்கலாம், இணைத்த கணக்குகளின் பட்டியலை 25 முறைதான் பார்க்கலாம். நாடே பயன்படுத்தும் அமைப்புக்கு வரம்பு தேவைப்படுகிறது, நமக்குத் தேவைப்படாதா?

செய்முறை இதுதான். சாவி ஒன்றுக்கு நிமிடத்துக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று இரண்டு வரம்புகள். தாண்டினால், அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்று சொல்லும் 429 என்ற நிலைக்குறியீடும், எத்தனை நொடி கழித்து மறுபடி வரலாம் என்ற குறிப்பும் பதிலாகப் போகட்டும். 80 சதவீதத்தைத் தொட்டதும் வாடிக்கையாளரின் நிரலாளருக்கு ஒரு மின்னஞ்சல். வரம்பை முதல் நாளிலிருந்தே வையுங்கள், தாராளமாக வேண்டுமானால் வையுங்கள். வரம்பே இல்லாமல் ஓராண்டு விட்டுவிட்டுப் பிறகு கட்டினால், அது அவருக்குச் சொத்தைப் பிடுங்கியது போலத் தெரியும்.

கூடவே, அவர் ஓயாமல் கேட்க வேண்டிய அவசியத்தையே நீக்குங்கள். நிலை மாறும்போது நாமே அவருடைய முகவரிக்குச் செய்தி அனுப்பும் வெப்ஹுக் வசதியைக் கொடுத்த பிறகு, அந்த 40 லாரி ஆபீசின் அழைப்புகள் மூன்றரை லட்சத்திலிருந்து சில நூறுகளுக்கு வந்துவிட்டன. ஆனால் வெப்ஹுக்குக்கும் வேலை உண்டு. அவருடைய கம்ப்யூட்டர் இரவில் அணைந்திருந்தால் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். ஒரே செய்தி இருமுறை போனால் வாடகை இருமுறை விடுவிக்கப்படக் கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் தனித்த எண் கொடுங்கள், அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கிவிடும்படி ஆவணத்தில் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

ஆறாம் படி: எத்தனை ஒன்பது?

"99.99 சதவீதம் இயங்கும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று பெரிய வாடிக்கையாளர் கேட்பார். விற்பனையாளர் தலையாட்டிவிட்டு வருவார். அவரை உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 30 நாள் மாதத்தில் 99.9 என்றால் சர்வர் மொத்தம் 43 நிமிடம் படுத்துக்கொள்ளலாம். 99.99 என்றால் நாலேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். இரவு ஒன்றரை மணிக்குச் சர்வர் விழுந்து, எச்சரிக்கை ஒலித்து, ஒருவர் விழித்து, மடிக்கணினியைத் திறப்பதற்குள்ளேயே அந்த நாலேகால் நிமிடம் போய்விடும். சில்க் போர்டு நெரிசலில் மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

மேலும் நீங்கள் நம்பியிருக்கும் இரண்டு சேவைகள் தலா 99.9 என்றால், இரண்டும் சேர்ந்து தருவது 99.8, மாதத்துக்கு 86 நிமிடம். உங்கள் வாக்கு அதைத் தாண்ட முடியாது. நாங்கள் 99.5 எழுதிக் கொடுக்கிறோம், மாதத்துக்கு 216 நிமிடம். தவறினால் அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு கழிவு, அதற்கு மேல் எந்த இழப்பீடும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியம் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். லாரி தாமதத்தால் நின்ற தொழிற்சாலை ஷிப்டின் நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

ஏழாம் படி: சாவி, தரவு, சட்டம்

வாடிக்கையாளர் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று நம்பாதீர்கள். எங்கள் சாவி ஒன்று டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதம் உலவியது. ஆபீஸ் பையன் உதவி செய்வதாக நினைத்துப் போட்டிருந்தார். அதனால் ஒரு வாடிக்கையாளருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள், ஒவ்வொன்றுக்கும் எந்தத் தகவல் வரை என்ற எல்லை, அவரே ரத்துசெய்து புதிது எடுத்துக்கொள்ளும் வசதி ஆகிய மூன்றும் முதல் நாளே வேண்டும்.

தரவில் கவனமாக இருங்கள். அந்த முப்பத்தெட்டுப் புலங்களில் டிரைவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. ஏன் இருந்தன என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஃபேஸ்புக் தன் பழைய ஏபிஐ வழியாக நண்பர்களின் தகவலைக்கூட வெளிச் செயலிகள் எடுக்க விட்டிருந்தது. அது, அரசியல் ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரமாக 2018-இல் வெடித்தபோது, 8.7 கோடிப் பேரின் தகவல் போயிருக்கலாம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு அமெரிக்காவில் 500 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. கொடுத்த ஜன்னல் வழியாகத்தான் எடுத்தார்கள்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவையும் சுவரில் ஒட்டி வையுங்கள். பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தினம் பல லட்சம் அழைப்புகள் வரும் ஏபிஐயின் பதிவுகளைச் சேமிக்கவே தனிச் செலவு ஆகும். அதை விலையில் சேர்த்தீர்களா?

எட்டாம் படி: போன் எடுக்கப் போவது யார்?

ஒரு வாடிக்கையாளர் மாதம் 2,000 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நிரலாளர் மாதம் நான்கு மணி நேரம் எங்கள் பொறியாளரோடு பேசுகிறார். அந்த நான்கு மணி நேரத்தின் சம்பளம் போனால் மிஞ்சுவது சொற்பம். சர்வர் செலவைவிடப் பேச்சுச் செலவுதான் சிறு ஏபிஐகளை விழுங்குகிறது.

ஆவணம் எழுதுவதற்கு நிரல் எழுதிய அதே நாட்களை ஒதுக்குங்கள். நகலெடுத்து ஒட்டினால் ஓட வேண்டும், அப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகள் வேண்டும். பிழைச் செய்திகள் மனிதரோடு பேச வேண்டும். "தவறான உள்ளீடு" என்று அனுப்பினால் போன் வரும், "எல்.ஆர். எண்ணில் 10 இலக்கம் வேண்டும், நீங்கள் அனுப்பியது 9" என்று அனுப்பினால் வராது. நாங்கள் ஆவணத்தை ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் போட்டோம். நிரலாளர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் நிரலாளரிடம் வேலை வாங்கும் ஆபீஸ் முதலாளிகள் படித்தார்கள், "இது உன் பக்கத்துத் தப்பு" என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். எங்களுக்கு வரும் போன்கள் கண்கூடாகக் குறைந்தன.

ஒன்பதாம் படி: உங்கள் ஏபிஐயாலேயே உங்களுக்குப் போட்டி

சாவியை வாங்கிய ஒருவர் எங்கள் தகவலைத் தன் பெயரில் ஒரு செயலியாக்கி, எங்கள் வாடிக்கையாளர்களிடமே பாதி விலைக்கு விற்றார். ஒப்பந்தத்தில் மறுவிற்பனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. தப்பு எங்களுடையது. தகவலை எத்தனை நாள் சேமித்து வைக்கலாம், யாருக்குக் காட்டலாம், மறுவிற்பனை உண்டா, எந்தச் சூழ்நிலையில் சாவியை நிறுத்துவீர்கள் என்ற நான்கையும் எழுதிவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் மேல் தொழில் கட்டியவர்களை நினைத்த நேரத்தில் வெட்டிவிட்டால் நம்பிக்கை போய்விடும். ட்விட்டர் 2023 ஜனவரியில் வெளியார் செயலிகளை அறிவிப்பே இல்லாமல் முடக்கியது, பிப்ரவரியில் இலவச ஏபிஐயை நிறுத்தப்போவதாக ஒரு வாரத் தவணையில் அறிவித்தது. விவாத இணையதளமான ரெடிட் அதே ஆண்டு ஆயிரம் அழைப்புகளுக்கு 0.24 டாலர் என்று விலை வைத்து ஜூலை 1 முதல் அமல் என்றது. ரெடிட்டைப் படிக்க உதவிய அப்போலோ என்ற செயலியை நடத்தியவர் தன் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொல்லிக் கடையை மூடினார். விலை கேட்பதில் தவறில்லை. விலை தெரிந்த நாளுக்கும் அமலுக்கு வந்த நாளுக்கும் இடையே ஒரு மாதம்தான் இருந்தது. அதுதான் ஊரைத் திரட்டியது.

பத்தாம் படி: மூடுவதைத் திட்டமிடுங்கள்

நெட்ஃபிளிக்ஸ் 2008-இல் பொது ஏபிஐயைத் திறந்தது, 2014 நவம்பரில் மூடியது. பெரியவர்களே மூடுகிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முறையாக மூட வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் முதல் பதிப்பை மூட ஓராண்டு எடுத்துக்கொண்டோம். முதல் நாள் எல்லோருக்கும் கடிதம். மின்னஞ்சல் மட்டும் போதாது என்று பதிவுத் தபாலும் அனுப்பினோம். பிறகு ஒவ்வொரு பதிலோடும் மூடும் தேதியை ஒட்டி அனுப்பினோம். எட்டாம் மாதத்திலிருந்து ஒத்திகை: செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குப் பத்து நிமிடம் பழைய பதிப்பை நிறுத்துவது, அடுத்த வாரம் அரை மணி நேரம், அதற்கடுத்து இரண்டு மணி நேரம். கடிதத்தைப் படிக்காதவர்கள் பத்து நிமிட நிறுத்தத்தில் போன் செய்தார்கள். இரவில் ஒத்திகை பார்க்காதீர்கள், எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் பாருங்கள். மாறுவதற்கு உதவ எங்கள் பொறியாளர் ஒருவரை மூன்று மாதம் கலாசிபாளையத்துக்கே அனுப்பினோம். ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார்.

கடைசியில் ஒரே ஒரு சாவி மிஞ்சியது. தினமும் இரவு 2:10-க்கு ஓர் அழைப்பு, எப்போதும் அதே எல்.ஆர். எண், எப்போதோ இறங்கிவிட்ட லோடு. பதிவில் இருந்த மின்னஞ்சல் திரும்பி வந்தது, கைபேசி எண் உபயோகத்தில் இல்லை. முகவரியைத் தேடிப் போனால் புக்கிங் ஆபீஸ் இருந்த இடத்தில் தார்ப்பாய்க் கடை. மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போனது, ஜிஎஸ்டி பில் போட வைத்திருப்பதாகச் சொன்னார் கடைக்காரர். என்ன ஓடுகிறது என்று பார்க்கலாமா என்றேன். "வேண்டாம் தம்பி, ஒன்றைத் தொடப் போய் பில் நின்றுவிட்டால் யார் பார்ப்பது?" என்றார்.

திரும்பி வந்து, அந்த ஒரு சாவிக்கு மட்டும் பழைய பதிலை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்தோம். பழைய பதிப்பு மூடப்பட்டுவிட்டது. இரவு 2:10-க்கு அந்தக் கம்ப்யூட்டர் இன்னமும் கேட்கிறது. சரக்கு சேர்ந்துவிட்டது என்று, ஓர் எழுத்துக் குறையோடு, பதில் போகிறது.